அக்காவின் சோகம், தங்கையின் சுகர்

“சுகர் வந்ததால் மனசு சோர்ந்துபோனேனா, மனசு சோர்ந்துபோனதால் சுகர் வந்ததா? எது முதலில் வந்தது என்று தெரிந்தால் அதையாவது திட்டித் தீர்த்துக்கொள்வேன்.”

சென்ற வாரம் வந்த மெயில்களில் ஒரு வாசகி இப்படிக் கேட்டிருந்தார். வயது 46. சுகர் வந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. காலையில் வாக்கிங் போகச் சொல்கிறார்கள். அவருக்கோ படுக்கையை விட்டு எழுந்து பல் தேய்ப்பதே மலையைப் புரட்டுகிற வேலையாக இருக்கிறது. செக்கப்புக்குப் போனால், “உங்களுக்கு அக்கறையே இல்லைம்மா” என்று டாக்டர் கடிந்துகொள்கிறார். வீட்டில் அதையே வேறு வார்த்தையில் சொல்கிறார்கள்: சோம்பேறித்தனம்.

படித்ததும் எனக்கு என் அத்தை ஞாபகம் வந்தது. மாமா இறந்த மறு வருடம் அத்தைக்குச் சுகர் என்று கண்டுபிடித்தார்கள். ‘கவலையில் வந்த சுகர்’ என்று தெருவே சொன்னது. அதன் பிறகு எத்தனை முறை டெஸ்ட் எடுத்தாலும் அளவு கூடத்தான் செய்ததே தவிரக் குறையவில்லை. யாருக்கும் தெரியாமல் இனிப்பு சாப்பிடுகிறார் என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தேகம். சர்க்கரை டப்பாவைக்கூட மேல் அலமாரிக்கு மாற்றினோம். அத்தை போன பிறகு அவருடைய துணிகளை எடுத்துவைக்கும்போதுதான் புடவைகளுக்கு அடியில் அந்த மாத்திரை அட்டைகள் கிடைத்தன. பிரிக்காத அட்டைகள். இனிப்பு சாப்பிடவில்லை அவர். மாத்திரையைத்தான் சாப்பிடாமல் விட்டிருக்கிறார். ஏன் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. நானும்தான்.

‘கவலையில் வந்த சுகர்’ என்ற பேச்சு நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. 17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர், நீரிழிவுக்காரர்களின் சிறுநீர் தேன்போல இனிக்கிறது என்று எழுதிவைத்தவர். (எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் லேப் கிடையாது.) நீண்ட நாள் துக்கம் இந்த நோயைக் கொண்டுவரும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு மருத்துவ உலகம் மனசை ஒரு டிபார்ட்மென்ட்டுக்கும் கணையத்தை இன்னொரு டிபார்ட்மென்ட்டுக்கும் அனுப்பிவிட்டது.

இந்த நூற்றாண்டில் பெரிய கணக்குகள் வரத் தொடங்கின. பல ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 2008-ல் ‘டயாபடீஸ் கேர்’ இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு டைப் 2 நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் 60 சதவிகிதம் அதிகம். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பிறகு மனச்சோர்வு வரும் வாய்ப்பு சுமார் 15 சதவிகிதம் அதிகம். 2010-ல் உடல் பருமனை வைத்து இதேபோல் ஒரு தொகுப்பு வந்தது. பருமன் உள்ளவர்களுக்குப் பின்னால் மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 சதவிகிதம் அதிகம், மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பின்னால் பருமன் வரும் வாய்ப்பு 58 சதவிகிதம் அதிகம். போகிற பாதையும் வருகிற பாதையும் ஏறக்குறைய ஒரே அகலம்!

இங்கே வார்த்தையைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். டிப்ரஷனை ‘மன அழுத்தம்’ என்று எழுதி எழுதி, ஆபீஸ் டென்ஷனும் இதுவும் ஒன்றுதான் என்று நினைக்கப் பழகிவிட்டோம். டென்ஷன் வேறு. நான் சொல்வது மனச்சோர்வை. வாரக்கணக்கில் எதிலும் ஆசையில்லாமல், தூக்கமும் பசியும் தாறுமாறாகி, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று தோன்றிக்கொண்டே இருக்கும் நிலை அது.

சரி, இரண்டும் சேர்ந்து வருகின்றன. எது எதை இழுத்து வருகிறது? மூன்று வழிகள் உண்டு. சோர்வு உடலைக் கெடுக்கலாம். கெட்ட உடல் சோர்வைக் கொண்டுவரலாம். அல்லது இரண்டுக்கும் வேர் ஒன்றாகவே இருந்து, ஒரு கிளை மனசிலும் இன்னொரு கிளை ரத்தத்திலும் முளைக்கலாம். சாதாரணமாக ஆயிரம் பேரைப் பிடித்து டெஸ்ட் எடுத்தால் இந்த மூன்றையும் பிரித்தறிய முடியாது. இங்கேதான் இரட்டையர்கள் உதவிக்கு வருகிறார்கள்.

இரட்டையரில் இரண்டு வகை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறப்பவர்கள் ஒரு வகை. அச்சில் வார்த்ததுபோல இருப்பார்கள், மரபணுக்களும் ஏறக்குறைய முழுக்க ஒன்றே. இரண்டு தனித்தனிக் கருக்கள் ஒரே சமயத்தில் வளர்ந்து பிறப்பவர்கள் இன்னொரு வகை. அவர்களுக்குள் மரபணு ஒற்றுமை சாதாரண அக்கா தங்கைக்கு இருக்கும் அளவுதான், சராசரியாகப் பாதி. ஆனால் இரண்டு வகையினரும் ஒரே வயிற்றில் ஒரே நேரத்தில் இருந்து, ஒரே வீட்டில் ஒரே குழம்பைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஆகவே முதல் வகையினரிடம் ஒரு நோய் இருவருக்கும் சேர்ந்து வருவது, இரண்டாம் வகையினரைவிட அதிகமாக இருந்தால் அந்தக் கூடுதலுக்கு மரபணுதான் காரணம் என்று கணக்குப் போடலாம். ‘ஒரே மாதிரி இருப்பவர்களுக்கு ஒரே மாதிரி சட்டை போட்டு, ஒரே மாதிரி நடத்துவார்களே, அந்தச் சூழலும் கூடுதல் ஒற்றுமை தராதா?’ என்று கேட்டால், நியாயமான கேள்விதான். இந்த முறையின் மேல் பல காலமாக இருக்கும் புகாரும் அதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல் வருகிறது. அக்காவுக்கு மனச்சோர்வு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கையிடம் மனசைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்க வேண்டாம். அவருடைய ரத்தச் சர்க்கரையை மட்டும் பாருங்கள். இப்படி நூற்றுக்கணக்கான ஜோடிகளில் ஒருவரின் மனசையும் மற்றவரின் ரத்தத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். அக்காவின் சோகம் தங்கையின் சுகரைக் காட்டிக்கொடுக்கிறதா? ஒரே கரு இரட்டையரிடம் அது கூடுதலாகவும், இரு கரு இரட்டையரிடம் குறைவாகவும் காட்டிக்கொடுத்தால், இரண்டு நோய்களுக்கும் மரபணுவில் பொதுவான வேர் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு வகையிலும் ஒரே அளவு என்றால் வளர்ந்த வீட்டைச் சந்தேகிக்க வேண்டும். காட்டிக்கொடுக்கவே இல்லை, சோகமும் சுகரும் எப்போதும் ஒரே ஆளிடம்தான் சேர்ந்து வருகின்றன என்றால், அந்த ஒருவருக்கு மட்டும் வாழ்க்கையில் நடந்தது ஏதோ காரணம்.

ஸ்வீடன், டென்மார்க் ஆகிய இரு நாடுகளிலும் பல பத்தாண்டுகளாக இரட்டையர் பதிவேடுகள் பராமரிக்கப்படுகின்றன. டென்மார்க்கில் 1954-லேயே தொடங்கிவிட்டார்கள். இந்த இரு பதிவேடுகளையும் வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2016-ல் ‘மாலிக்யூலர் சைக்கியாட்ரி’ இதழில் வந்தது. டைப் 2 நீரிழிவும் மனச்சோர்வும் சேர்ந்து வருவதற்குப் பின்னால் பொதுவான மரபணுப் பங்கு இருக்கிறது என்றது அது. ஆக, மூன்றாவது வழி வெறும் ஊகம் இல்லை. அதற்காக மற்ற இரண்டு வழிகளும் மூடிக்கிடக்கின்றன என்றும் இல்லை.

ஆனால் ஸ்வீடன்காரர்களின் கணக்கு நமக்குப் பொருந்துமா? தெற்காசியர்களுக்கு ஒல்லியான உடம்பிலும் சுகர் வரும், இளம் வயதிலேயே வரும். வயிற்றைச் சுற்றிய அளவுகூட நமக்குத் தனி. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே எச்சரிக்கை மணி. நம் பக்கத்து மக்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டா என்று தேடினால், பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

இலங்கையில் 1997-ல் ஒரு இரட்டையர் பதிவேடு தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கி வளர்த்ததில் முக்கியமானவர் மனநல மருத்துவர் அதுல சுமதிபால. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்களோடு சேர்ந்து, கொழும்பு மாவட்டத்தில் 4,000-க்கும் மேற்பட்ட இரட்டையர்களையும், 2,000-க்கும் மேற்பட்ட ஒற்றையாகப் பிறந்தவர்களையும் சந்தித்துப் பேசினார்கள். ஒற்றைப் பிறவிகள் எதற்கு? இரட்டையர்கள் என்றாலே ஏதோ தனிப்பிறவிகள், அவர்களிடம் கண்டது மற்றவர்களுக்குப் பொருந்தாது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா, அதற்காக.

மனச்சோர்வைப் பற்றி 2009-ல் வந்த முடிவு என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. ஆளுக்கு ஆள் மனச்சோர்வு வேறுபடுவதில் மரபணுவின் பங்கு, கொழும்புப் பெண்களிடம் 61 சதவிகிதம். ஆண்களிடம்? வெறும் 4. ஸ்வீடனில் 42,000-க்கும் மேற்பட்ட இரட்டையர்களிடம் கணக்கிட்டபோது பெண்களிடம் 42, ஆண்களிடம் 29 என்று வந்திருந்தது.

இந்த எண்களை அவசரமாகப் படித்தால் தப்பாகப் புரிந்துகொள்வோம். 61 சதவிகிதம் என்றால் ஒரு பெண்ணின் சோகத்தில் 61 பங்கு ஜீன், மீதி வாழ்க்கை என்று அர்த்தம் இல்லை. ஒரே வயலில் பல ரக நெல்லை விதைத்தால், பயிருக்குப் பயிர் தெரியும் உயர வித்தியாசம் பெரும்பாலும் விதையால் வந்தது. ஒரே ரக விதையை ஒரு பிடி வண்டலிலும் ஒரு பிடி களர் நிலத்திலும் போட்டால் வித்தியாசம் முழுக்க மண்ணால் வந்தது. சதவிகிதம் சொல்வது வித்தியாசத்தின் கதையை மட்டும்தான். அப்படிப் பார்த்தால், கொழும்பு ஆண்களிடம் மண்தான் அதிகம் பேசியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பேட்டிகள் நடந்த ஆண்டுகளில் நாட்டில் போர் முடிந்திருக்கவில்லை. வேலை, கடன், பயம், குடி எல்லாம் வெளியிலிருந்து வந்து தாக்குபவை. ‘எனக்கு மனசு சரியில்லை’ என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் நம் ஆண்களுக்குக் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சொல்லாததை எந்த ஆய்வும் எண்ண முடியாது.

சில ஆண்டுகள் கழித்து அதே ஆட்களைத் தேடிப் போனார்கள். இந்த முறை மனசோடு உடம்பையும் சேர்த்துப் பார்த்தார்கள். பங்கேற்றவர்கள் ஏறக்குறைய 4,000 பேர். அளந்தது மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிற கூட்டணியை. இடுப்புச் சுற்றளவு, 130-க்கு 85 என்பதை எட்டும் ரத்த அழுத்தம், 150-ஐ எட்டும் ட்ரைகிளிசரைடு, குறைந்துபோன நல்ல கொழுப்பு, வெறும் வயிற்றில் 100-ஐ எட்டும் சர்க்கரை என்று ஐந்து பேர் இந்தக் கூட்டணியில். மூன்று பேர் சேர்ந்தாலே ஆட்சி அமைத்துவிடுவார்கள். அவர்கள் ஆட்சிக்கு வந்தால் சுகரும் மாரடைப்பும் வரிசையில் நிற்கும். மனசையும் இந்த ஐந்தையும் ஒரே ஆட்களிடம், அதுவும் இரட்டையர்களிடம், அளந்துவைத்த இவ்வளவு பெரிய தகவல் தொகுப்பு நம் பகுதியில் கிடைப்பது அபூர்வம்.

கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு நண்பரிடம் இதைச் சொன்னேன். “சலரோகமும் கவலையும் கூடப்பிறந்ததுகள் எண்டு எங்கட ஆச்சி அப்பவே சொன்னவ” என்றார். அங்கே சுகருக்குச் சலரோகம் என்று பெயர்.

உடம்புக்குள் இது எப்படி நடக்கிறது? தொடர்ந்து மனசு வாடும்போது பலருக்கு அட்ரினல் சுரப்பி கார்டிசோலை அதிகம் சுரக்கிறது. கார்டிசோலின் வேலை, ‘ஆபத்து, ஓடத் தயாராகு’ என்று கல்லீரலிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் இறக்குவது. நாம் எங்கும் ஓடுவதில்லை, கட்டிலில் படுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இறங்கிய சர்க்கரை அங்கேயே நிற்கிறது. இன்சுலின் கதவைத் தட்டினால் செல்கள் திறக்க மறுக்கின்றன. கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது. அந்தக் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருட்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. அவை மூளையையும் எட்டுகின்றன. காய்ச்சல் வந்தால் யாரோடும் பேசப் பிடிக்காமல் சுருண்டு படுப்போமே, ஏறக்குறைய அந்தச் சோர்வு மெல்லிய அளவில் தினமும் இருந்தால் எப்படி இருக்கும்?

எல்லா மனச்சோர்வும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிலருக்குச் சோறு இறங்காது, இளைத்துவிடுவார்கள். சிலருக்கோ பசியும் தூக்கமும் கூடும், எடை ஏறும். மரபணுத் தகவல்களை வைத்து 2017-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் தலைமையில் வந்த ஆய்வில், உடல் பருமனோடும் அழற்சியோடும் மரபணு உறவு தெரிந்தது இந்த இரண்டாவது வகையில்தான். ‘கவலை இருந்தால் சாப்பாடு இறங்குமா? இவ நல்லாத்தானே சாப்பிடுறா’ என்று நம் வீடுகளில் ஒரு வாதம் உண்டு. அந்த வாதம் நிற்காது.

‘எல்லாம் ஜீன், நாம் என்ன செய்ய முடியும்?’ என்று கேட்பீர்கள். ஒரே கரு இரட்டையரிலேயே ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் இருக்கும் ஜோடிகள் நிறைய உண்டு. ஒரே விதையிலிருந்து வந்தவர்கள் வேறு வேறு வாழ்க்கை வாழ்ந்தால் வேறு வேறு உடம்பு வாய்க்கிறது. அந்த இடைவெளியில்தான் சிகிச்சைக்கு வேலை.

அதற்குச் சாட்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. சென்னை உட்பட இந்தியாவின் நான்கு நீரிழிவு மருத்துவமனைகளில், சுகரும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. 2020-ல் ‘ஜாமா’ இதழில் வெளியானது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்குக் கூடுதலாக ஓர் ஏற்பாடு. பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் ஒருவர் (இவர் டாக்டர் இல்லை) அவர்களோடு தொடர்ந்து பேசுவார். மாத்திரையும் மனசும் எப்படி இருக்கின்றன என்று விசாரித்துக் குறித்துவைப்பார். மனநல மருத்துவரும் சுகர் டாக்டரும் அந்தக் குறிப்புகளைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து, மருந்தை மாற்றச் சொல்வார்கள். இந்தக் கவனிப்பு ஓராண்டு. இரண்டு ஆண்டுகள் முடிவில், மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, கூடவே சுகர், பிரஷர், கெட்ட கொழுப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாவது குறிப்பிட்ட அளவு இறங்கியவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையில் 100-க்கு 57 பேர். கூடுதல் கவனிப்பில் 100-க்கு 72 பேர்.

புது மருந்து ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை அவர்கள். கேட்டார்கள், தொடர்ந்து கேட்டார்கள். என் அத்தையின் புடவை அடுக்கை நினைத்துக்கொண்டேதான் அந்தக் கட்டுரையைப் படித்தேன்.

வாசகிக்கு நான் எழுதிய பதிலின் சாரம் இதுதான். நான் டாக்டர் இல்லை, டாக்டர்களைத் தொந்தரவு செய்து கேட்டு எழுதுகிறவன். எது முதலில் வந்தது என்று உங்கள் விஷயத்தில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, எனவே திட்டுவதற்கு ஆள் கிடைக்காது. சோம்பேறித்தனம் என்ற சொல்லை மட்டும் நீங்களாவது உங்களைப் பற்றிப் பயன்படுத்தாதீர்கள். அடுத்த செக்கப்பில், “உங்களுக்கு அக்கறையே இல்லை” என்று டாக்டர் ஆரம்பிப்பதற்கு முன்பாகவே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் எதிலும் விருப்பமே இல்லாமல் இருந்தது, எத்தனை நாள் மனசு இருண்டு நம்பிக்கை இழந்து கிடந்தது. உலகம் முழுக்க மருத்துவர்கள் மனச்சோர்வைத் தேடத் தொடங்கும் முதல் இரண்டு கேள்விகள் இவைதான். பாதிக்கு மேற்பட்ட நாட்கள் என்றால் அதைத் தயங்காமல் சொல்லுங்கள். வாயால் சொல்ல வரவில்லை என்றால் துண்டுச்சீட்டில் எழுதி, சுகர் ரிப்போர்ட்டோடு சேர்த்து நீட்டிவிடுங்கள்.

மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினால், அது எடையையோ சுகரையோ கூட்டுமா என்று கேளுங்கள். சில மருந்துகள் கூட்டும், சில கூட்டாது, மாற்று உண்டு. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வாக்கிங் ஒரு மணி நேரம் முடியாவிட்டால் வாசல் வரை போய் வாருங்கள், அதுவும் கணக்கில் உண்டு. மனச்சோர்வு உள்ளவரின் வீட்டாரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சுகர் எவ்வளவு என்று கேட்கும் அதே மூச்சில், நேற்று தூங்கினாயா என்றும் கேளுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் செக்கப் வரை காத்திருக்கவே கூடாது. இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 ஆகிய இலவச எண்களில் பேச ஆள் இருக்கிறார்கள்.

நேற்று அவரிடமிருந்து பதில் வந்தது. துண்டுச்சீட்டு எழுதிவிட்டாராம். அடுத்த செக்கப் வரும் புதன்கிழமை. “அக்காவும் கூட வருகிறாள். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவளுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டுமாம்” என்று எழுதியிருக்கிறார்.